மலைத்தோட்டத்து யூரியாவும் வானத்து ஓசோனும்

சென்ற 2025 அக்டோபர் 15-ம் தேதி, உலக வானிலை அமைப்பு காற்றின் ஆண்டுக் கணக்கை வெளியிட்டது. 2024-ல் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 423.9 பங்காக உயர்ந்துவிட்டது. ஒரே ஆண்டில் 3.5 பங்கு கூடியிருக்கிறது. 1957-ல் முறையாக அளக்கத் தொடங்கிய பிறகு இவ்வளவு பெரிய ஏற்றம் இருந்ததில்லை. நாளிதழ்களில் இதைப் படித்திருப்பீர்கள். அதே அறிக்கையில் மூன்றாவதாக ஒரு வாயுவின் கணக்கும் இருந்தது. அது தலைப்புச் செய்தி ஆகவில்லை. அதன் பெயர் நைட்ரஸ் ஆக்சைடு. காற்றில் அதன் அளவு நூறு கோடியில் 338 பங்கு. தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு சுமார் 270 பங்குதான் இருந்தது. அதாவது கால்வாசி கூடிவிட்டது.

கரியமில வாயு என்றால் காரையும் அனல் மின் நிலையத்தையும் கைகாட்டிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போகலாம். நைட்ரஸ் ஆக்சைடில் அப்படித் தப்பிக்க முடியாது. இது பெரும்பாலும் வயலிலிருந்து போவது. 2024 ஜூனில் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்று, மனிதரால் காற்றில் சேரும் நைட்ரஸ் ஆக்சைடில் 74 சதவீதம் வேளாண்மையிலிருந்து, அதாவது ரசாயன உரத்திலிருந்தும் கால்நடை எருவிலிருந்தும் வருகிறது என்று சொன்னது. நாடுகளின் வரிசையில் சீனாவுக்கு அடுத்து இந்தியா நிற்கிறது.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. யூரியா மூட்டையிலிருந்து காற்றோடு போவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து. அது எப்படிப் போகிறது, போய் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, பழனி மலையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. காரணம், அந்த மலை உச்சியில் இருக்கும் ஓர் ஆய்வகம்.

1928-ல் கொடைக்கானலில் அளந்தது

கொடைக்கானல் அப்சர்வேட்டரியைச் சுற்றுலா வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மலைவாசிகளுக்கு அது ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர். கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில், 1899-ல் நிறுவப்பட்டு, சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலையம் அது. சூரியனைப் பார்ப்பதற்கென்று கட்டியதுதான், ஆனாலும் நம் காற்றைப் பற்றிய ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடிக்க அது உதவியது.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் டாப்சன் என்ற விஞ்ஞானி இருந்தார். தரையிலிருந்து 20, 25 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் என்ற வாயு இருப்பதும், சூரியனின் புற ஊதாக் கதிரை அது தடுத்துக்கொள்வதும் அப்போதே தெரியும். அது உலகம் முழுக்க ஒரே அளவில் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. எனவே 1928-29-ல் தன்னிடமிருந்த அளவு கருவிகளை ஐந்து இடங்களில் வைத்து அளக்க ஏற்பாடு செய்தார். ஆக்ஸ்போர்டு, அமெரிக்காவில் கலிபோர்னியா, எகிப்தில் ஹெல்வான், நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச், ஐந்தாவது நம் கொடைக்கானல். அன்றைக்கு இது புகைப்படத் தகடு முறை. எடுத்த தகடுகளைக் கப்பலில் ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பி அங்கேதான் அளந்தார்கள்.

கொடைக்கானல் தகடுகள் சொன்னது இதுதான்: வெயில் அதிகமுள்ள நம் நாட்டுத் தலைக்கு மேல்தான் ஓசோன் குறைவு, அதுவும் ஆண்டு முழுக்கப் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல். ஓசோன் உண்டாவது வெயிலால். அப்படியென்றால் நம் பகுதியில்தானே அதிகம் இருக்க வேண்டும்? அந்தப் புதிருக்கு விடை பிறகு கிடைத்தது. வெப்ப நாடுகளில் காற்று மெதுவாக மேலே ஏறி, வான மேலடுக்குக்குள் நுழைந்து, அங்கிருந்து துருவங்களை நோக்கிப் போய் இறங்குகிறது. இங்கே உண்டாகும் ஓசோனையும் வாரிக்கொண்டு போய்விடுகிறது. இந்தச் சுழற்சிக்கு டாப்சன் பெயரும் பிரூவர் என்ற இன்னொருவர் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது.

நமக்கு இதில் கவனிக்க வேண்டியது, வான மேலடுக்குக்குள் போகும் வாசல் நம் நாடு இருக்கும் வெப்ப மண்டலத்தில்தான் இருக்கிறது என்பது. எந்த நாட்டு வயலிலிருந்து கிளம்பினாலும், உடையாமல் நெடுநாள் தாங்கும் வாயுக்கள் சுற்றிச் சுற்றி இந்த வாசல் வழியாகத்தான் மேலே போகின்றன. நைட்ரஸ் ஆக்சைடு அப்படித் தாங்கும் வாயு. தரைக்கு அருகில் அதை எதுவும் உடைப்பதில்லை. மழையில் கரைந்து இறங்குவதும் இல்லை. சராசரியாக நூறு ஆண்டுக்கு மேல் காற்றில் இருக்கும். உங்கள் தாத்தா காலத்தில் முதன்முதலாக அம்மோனியம் சல்பேட் போட்டபோது கிளம்பியதில் ஒரு பகுதி இன்னும் மேலேதான் இருக்கிறது.

மேலே போன பிறகு அதில் பெரும்பகுதி வெயிலில் உடைந்து சாதாரண நைட்ரஜனாகிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் நைட்ரிக் ஆக்சைடாக மாறும். அது ஓசோனை உடைக்கும், உடைத்துவிட்டுத் தான் தேயாமல் அடுத்த ஓசோனைத் தேடிப் போகும். பால் குருட்சன் என்ற விஞ்ஞானி 1970-ல் இதை விளக்கினார். 1995-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். மற்ற இருவரும் குளிர்பெட்டியில் பயன்பட்ட குளோரோ புளோரோ கார்பன் வாயுக்கள் ஓசோனைத் தின்பதைச் சொன்னவர்கள்.

குளிர்பெட்டி வாயுவுக்கு 1987 செப்டம்பர் 16-ல் மான்ட்ரியால் ஒப்பந்தம் வந்தது. இந்தியா 1992-ல் சேர்ந்தது. உலக நாடுகள் சொன்னதைச் செய்து காட்டிய ஒரு சில ஒப்பந்தங்களில் இது ஒன்று. துருவப் பகுதிகள் தவிர மற்ற இடங்களில் ஓசோன் 2040 வாக்கில் 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்பும், அண்டார்டிகாவில் 2066 ஆகும் என்று 2023-ல் ஐ.நா. மதிப்பிட்டது. ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு அந்த ஒப்பந்தத்தில் இல்லை. இந்தியாவில் பிறந்த ஏ.ஆர்.ரவிசங்கராவும் அவருடைய சகாக்களும் 2009-ல் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, இன்றைக்கு மனிதர் வெளியிடும் வாயுக்களில் ஓசோனை அதிகம் பாதிப்பது நைட்ரஸ் ஆக்சைடுதான் என்று வந்தது. குளிர்பெட்டிக் கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. பட்டியலில் முதலிடத்துக்கு நம் மூட்டை வந்துவிட்டது.

கொடைக்கானல்வாசிகளுக்கு ஓசோன் வெறும் பாடப்புத்தகச் சொல் அல்ல. குளிர் காற்று வீசுவதால் வெயில் உறைக்காது. ஆனால் மேலே ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடும். நடுப்பகலில் பூண்டுக்குக் களை எடுக்கும் பெண்கள் கன்னம் கருத்துப் போவது இதனால்தான். கண்ணில் புரை விழுவதற்கும் இந்தக் கதிர் ஒரு காரணம். தலையில் துண்டு மட்டும் போதாது, முகத்தில் நிழல் விழும்படி விளிம்புள்ள தொப்பி வேண்டும்.

ஒரு மூட்டையின் கணக்கு

பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கிளாவரை பக்கம் போனால் அடுக்கடுக்காகப் பூண்டு, கேரட், உருளை, பீன்ஸ், முட்டைக்கோஸ். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு விலை பேசும்போது விவசாயிகளின் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது, நல்லதுதான். அங்கே ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மேலுரம் போட்ட மறுநாள் கொட்டித் தீர்த்த மழையைப் பற்றிச் சொன்னார். "போட்டது மண்ணுக்குள்ள போச்சா, ஓடைக்குள்ள போச்சான்னு எனக்கும் தெரியல, செடிக்கும் தெரியல" என்றார். மூன்றாவது ஒரு வழி இருப்பதை அவருக்குச் சொன்னேன்.

யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. விலை 266 ரூபாய் 50 பைசா. அதில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. மண்ணில் விழுந்ததும் அது முதலில் அம்மோனியாவாக மாறுகிறது. மேலாகத் தூவி விட்டுவிட்டால் கொஞ்சம் அந்த நிலையிலேயே காற்றில் போய்விடும். நெடி வந்தால் காசு போகிறது என்று பொருள். மீதியை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அதைத்தான் செடி அதிகம் எடுக்கும். ஆனால் மண் நனைந்து, துளைகளில் முக்கால்வாசி தண்ணீர் நின்று, காற்று இல்லாமல் போனால் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். அவை மூச்சு விட ஆக்சிஜன் கிடைக்காமல், நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பிய்த்துக்கொள்ளும். பிய்த்த பிறகு மிஞ்சுவது நைட்ரஸ் ஆக்சைடு. இன்னும் ஒரு படி போனால் சாதாரண நைட்ரஜனாகி யாருக்கும் கெடுதல் இல்லாமல் போயிருக்கும்.

அந்தக் கடைசிப் படி நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிப்பதில் மண்ணின் புளிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. புளிப்பு மண்ணில் கடைசிப் படியைச் செய்யும் நொதி சரியாக உருவாவதில்லை. வாயு பாதி வழியிலேயே வெளியேறுகிறது. பழனி மலையின் மேல் பகுதி மண் புளிப்பு மண், மக்கு நிறைந்த மண், மழை மண். மூன்றும் சேர்ந்த இடம். யூரியா போடப் போட மண் மேலும் புளிக்கும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பருவநிலைக்கான ஐ.நா. அரசுகளிடைக் குழு 2019-ல் தன் கணக்கு முறையைத் திருத்தியபோது, மழை அதிகமுள்ள பகுதியில் போடும் ரசாயனத் தழைச்சத்தில் 1.6 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும், வறண்ட பகுதியில் 0.5 சதவீதம் என்று வைத்தது. மலைக்கு முதல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மூட்டையிலிருந்து அரை கிலோவுக்குச் சற்று அதிகமாக நைட்ரஸ் ஆக்சைடு. ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆகவே ஒரு மூட்டை சுமார் 140 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 60 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்கு ஈடு. சென்னையிலிருந்து ஒரு கார் கொடைக்கானல் வந்துவிட்டுத் திரும்ப ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். ஒட்டன்சத்திரம் பக்கத்து மானாவாரிக் காட்டில் அதே மூட்டையைப் போட்டால் இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கார் ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்தது. அந்த மூட்டை ஓர் ஊருக்குக் காய்கறி கொடுத்தது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டு விவசாயியைப் பார்த்துக் கண்ணை உருட்டும் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் 1.6 சதவீதம் என்பது ஓர் அடையாளம். நைட்ரஸ் ஆக்சைடு அதிகமாகக் கிளம்பும் வயலில் அம்மோனியாவும் போய்க்கொண்டிருக்கும், நைட்ரேட்டும் கரைந்து மஞ்சளாறு, பொருந்தலாறு என்று இறங்கிக்கொண்டிருக்கும். இவற்றையெல்லாம் சேர்த்தால் போட்டதில் பாதி செடிக்குச் சேர்வதில்லை.

பாதி போனால் என்ன, மூட்டைக்கு 133 ரூபாய்தானே நட்டம் என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம். பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது. யூரியாவின் உண்மை விலை இதைப் போலப் பல மடங்கு. மீதியை அரசு மானியமாகக் கட்டுகிறது. டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய், பொட்டாஷ் அதைவிட எட்டாத உயரம். எனவே கையில் உள்ள பணத்துக்கு யூரியாவை வாங்கிக் கொட்டுகிறோம். நாடு முழுக்க ஆண்டுக்கு 350 லட்சம் டன்னுக்கு மேல் யூரியா போகிறது. அப்படியிருந்தும் 2025 காரிஃப் பருவத்தில் பல மாநிலங்களில் விவசாயிகள் யூரியாவுக்கு வரிசையில் நின்றார்கள். விலை மலிவாக இருப்பதும் பொருள் கிடைக்காமல் போவதும் ஒன்றாகவே நடக்கின்றன. மானியம் தழைச்சத்துக்கு மட்டும் சாய்ந்திருக்கும்வரை வேளாண் அலுவலர் என்ன அறிவுரை சொன்னாலும் அது கடைக் கல்லாவில் தோற்றுப்போகும். இது விவசாயியின் தவறு இல்லை.

உண்மையான நட்டம் வேறு கணக்கில் வருகிறது. தழைச்சத்து அதிகமான முட்டைக்கோசில் அசுவினி ஏறும். உருளையில் கொடியாகப் படர்ந்து கிழங்கு சிறுக்கும். பூண்டு சேமிப்பில் தாங்காது. வெள்ளகவி போல ரோடு சரியில்லாத ஊர்களில் மூட்டையைக் குதிரையில் ஏற்ற வேண்டும், அந்த வாடகை 133 ரூபாய்க் கணக்கில் வராது.

கீழே இருக்கும் ஓசோன்

மேலே இருக்கும் ஓசோன் குடை. அதே வாயு தரையில் உண்டானால் விஷம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது முக்கியம், ஏனென்றால் இரண்டாவது நேராக இலையைத் தாக்குகிறது.

வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும், எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் சேர்ந்தால் தரை மட்ட ஓசோன் பிறக்கும். கரிமச் சேர்மம் என்றால் பெட்ரோல் ஆவி மட்டும் இல்லை. மரங்களும் விடுகின்றன. தைலமரமும் பைனும் அதை அதிகமாக விடும் மரங்கள். காட்டுக்குள் நடந்தால் வரும் மணம் அதுதான். சோலையையும் புல்வெளியையும் அழித்து இந்த மரங்களையும் சீகையையும் நட்ட மலை இது. ஏப்ரல், மே மாதத்தில் மேலே ஏறும் வாகன வரிசை உங்களுக்குத் தெரியும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7-லிருந்து இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு வார நாளில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 என்று கொடைக்கானலுக்கு வரம்பு வைத்தார்கள். வியாபாரிகள் இதை எதிர்த்ததை எல்லோரும் எழுதினார்கள். பீன்ஸ் விவசாயிக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது என்பதை யாரும் எழுதவில்லை.

சமவெளி நகரங்களில் இரவில் புதிதாக வரும் வண்டிப் புகையே ஓசோனைத் தின்றுவிடும், காலையில் குறைந்திருக்கும். மலைமேல் இரவில் அந்த அளவு புகை இல்லாததால் ஓசோன் அவ்வளவாக இறங்காது. சுத்தமான காற்று என்று நாம் நினைக்கும் மலையில் பயிர் இரவும் பகலும் அதைச் சுவாசிக்க வாய்ப்புண்டு. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், 2005-ம் ஆண்டில் மட்டும் தரை ஓசோனால் இந்தியா 35 லட்சம் டன் கோதுமையையும் 21 லட்சம் டன் நெல்லையும் இழந்தது, இழந்த தானியம் 9 கோடிக்கு மேற்பட்ட ஏழைகளுக்கு உணவாகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். பீன்ஸ், உருளை, வெங்காயம் போன்றவையும் ஓசோனுக்கு எளிதில் பாதிக்கப்படுபவை. பீன்ஸ் செடியை ஓசோன் காட்டும் கருவியாகவே ஆராய்ச்சியாளர்கள் நட்டு வைப்பதுண்டு.

விரிவாக்கப் பணியாளர்கள் இதைக் கொஞ்சம் கூர்ந்து கவனிக்கலாம். நான்கைந்து நாள் நல்ல வெயில், காற்றோட்டமில்லாத நாட்களுக்குப் பிறகு, பீன்சின் முதிர்ந்த இலைகளில் மேல் பக்கம் மட்டும், நரம்புகளுக்கு இடையில் பொடிப்பொடியாகக் கரும்பழுப்புப் புள்ளியோ வெண்கல நிறமோ வந்தால் ஓசோனைச் சந்தேகிக்கலாம். நரம்பு பச்சையாகவே இருக்கும், அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். செஞ்சிலந்தி என்றால் அடிப்பக்கம் நூல் வலையும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊரும் புள்ளிகளும் தெரியும். புளிப்பு மண்ணில் மக்னீசியம் குறைந்தாலும் முதிர்ந்த இலையில் நரம்பிடை மஞ்சள் வரும், ஆனால் அது பட்டையாக வரும், பொடிப் புள்ளியாக இருக்காது. இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துப் பூச்சிமருந்து அடிப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். ஓசோனுக்கு மருந்து கிடையாது. அடிக்காமல் விட்டால் அந்தச் செலவாவது மிஞ்சும்.

தரை ஓசோனுக்கு மீத்தேனும் ஒரு மூலப்பொருள். காற்றில் அது 2024-ல் நூறு கோடியில் 1,942 பங்கு, பழைய அளவைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். மலையடிவாரத்தில் பழனி, ஆயக்குடி, பாலசமுத்திரம் பக்கம் அணைத் தண்ணீரில் நெல் போடுபவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் பாதியளவுக்குக் குறையும். ஆனால் யூரியா போட்ட கையோடு காயவிட்டு மறுபடி நனைத்தால் மீத்தேன் குறைந்து நைட்ரஸ் ஆக்சைடு கூடும். உரம் போடும் நாளையும் காயவிடும் நாளையும் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

கொடைக்கானல் காற்று என்றால் பாதரசம் நினைவுக்கு வருகிறவர்களும் உண்டு. 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் கதை அது, தனியாக எழுத வேண்டியது.

வயலில் செய்யக் கூடியது

முதலில் புளிப்பைத் தணிக்க வேண்டும். டோலமைட் போடுவது மலைத்தோட்டத்துக்குப் புதிது இல்லை, ஆனால் விலையைப் பார்த்துத் தள்ளிப்போடுகிறோம். டோலமைட் போட்டால் மணிச்சத்து பயிருக்குக் கிடைக்கும், மக்னீசியம் சேரும், நைட்ரஸ் ஆக்சைடும் குறையும். ஒரே செலவில் மூன்று வேலை. யூரியாவோடு சேர்த்துப் போடக் கூடாது. போட்டால் அம்மோனியா நெடியாகப் போய்விடும், இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும். உருளைக்கு அளவு மீறினால் கிழங்கில் சொறி வரும், அங்கே கை அடக்கம் தேவை.

அடுத்து மழையைப் பார்த்துப் போடுவது. வடகிழக்குப் பருவமழை பெருமழையாகக் கொட்டும் அக்டோபர், நவம்பரில் மேலுரத்தை ஒரே தடவையில் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து, மழை விட்ட இடைவெளியில் போடலாம். தூவி விடாமல் வரிசை ஓரத்தில் கோடு கிழித்துப் போட்டு மண் அணைத்தால் அம்மோனியா இழப்பு பெருமளவு குறையும். ஆள் கூலி கூடும் என்பது உண்மைதான். உருளைக்கு மண் அணைக்கும் அன்றே உரத்தையும் வைத்துக்கொண்டால் அந்தக் கூலி தனியாக விழாது. வடிகால் முக்கியம். பாத்தியில் தண்ணீர் ஒரு நாள் நின்றாலே அந்த நுண்ணுயிர்களுக்குப் போதும்.

2015-லிருந்து நம் நாட்டில் விற்கும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியது. வேம்பு, அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதை மெதுவாக்கும். மூட்டையில் பூசியிருக்கும் அளவு குறைவுதான். கீழே நெல்லுக்கு யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 1 பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறது. இலை வண்ண அட்டை வைத்துப் பார்த்துப் போட்டால் பல வயல்களில் ஒரு தவணையே மிச்சமாகும். நானோ யூரியா பற்றிக் கேட்கிறீர்கள். பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு வயலில் பார்த்ததில், வழக்கமான யூரியாவைக் குறைத்து நானோவை நம்பிய இடத்தில் நெல், கோதுமை இரண்டிலும் விளைச்சல் இறங்கியது. கடைக்காரர் கட்டாயப்படுத்திக் கையில் திணித்தால் ஒரு பாத்தியில் மட்டும் அடித்துப் பாருங்கள்.

எருவுக்கும் ஒரு வார்த்தை. அதே ஐ.நா. கணக்கில் மழைப் பகுதியில் எருவின் தழைச்சத்தில் 0.6 சதவீதம்தான் நைட்ரஸ் ஆக்சைடாகிறது. ரசாயன உரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் கீழேயிருந்து லாரியில் வரும் கோழி எருவை மக்க வைக்காமல் ஈரத்தில் குவித்து வைத்தால் குவியலிலேயே போய்விடும். நன்றாக மக்கியதைக் கடைசி உழவில் மண்ணோடு கலந்துவிட வேண்டும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்தில் நிழல் மரமும் விருப்பாச்சி மலைவாழையும் மிளகும் சேர்ந்திருக்கும் பழைய முறையில் சருகு விழுந்து மக்கி மண்ணுக்குத் திரும்பும் தழைச்சத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்தத் தோட்டக்காரர்கள் மூட்டையைக் குறைத்தும் சமாளிப்பது அதனால்தான்.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. மண்வள அட்டை மலைக்கு வந்தால் அதில் சமவெளிக்கு எழுதிய உர அளவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். 2,000 மீட்டர் உயரத்தில் புளிப்பு மண்ணில் பூண்டு போடுபவருக்கும் வேடசந்தூரில் நிலக்கடலை போடுபவருக்கும் ஒரே மாதிரி பரிந்துரை பொருந்தாது. டோலமைட்டுக்கு, யூரியாவுக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு சிறு பங்கைத் திருப்பிவிட்டாலே மலை விவசாயி அதை வாங்குவார். கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு, தோட்டக்கலை உதவி இயக்குநருக்கு அனுப்பலாம்.

அதுவரைக்கும் நீங்களே மண் எடுத்துப் பாருங்கள். உரம் போட்டு மூன்று மாதமாவது கழிந்த வயலில், வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மரத்தடி தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில வி வடிவில் அரை அடிக் குழி வெட்டி, ஓரத்தைச் சீவி மண் எடுக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, நன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரை கிலோவாகக் குறைத்து, துணிப்பையில் பயிர்ப் பெயரும் சர்வே எண்ணும் எழுதி வையுங்கள். அடுக்கு நிலம் என்றால் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் தனித்தனிப் பை. கொடைக்கானலிலும் தடியன்குடிசையிலும் உள்ள பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்களில் விவரம் கேட்கலாம். முடிவு வந்ததும் தழை, மணி, சாம்பல் அளவுகளுக்கு முன்னால், கார அமில நிலை என்று போட்டிருக்கும் எண்ணை முதலில் பாருங்கள். 5.5-க்குக் கீழே இருந்தால், அந்தப் போகத்துக்கு யூரியாவைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு டோலமைட் எவ்வளவு என்று கேளுங்கள்.